ஒரு வரி காலியாக இருக்கட்டும்!

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் காலண்டர் பேச்சு ஆரம்பித்துவிடும். மளிகைக் கடையில் ஒன்று, நகைக் கடையில் ஒன்று என்று வாங்கி வந்து, பழசை ஆணியிலிருந்து கழற்றும்போது, "அட, இந்த வருஷமும் ஓடிப் போச்சே!" என்று ஒரு பெருமூச்சு விடுவோம். பால் வாராத நாள், காஸ் சிலிண்டர் வந்த தேதி, குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் அதில்தானே குறித்து வைத்திருக்கிறோம்! தூக்கிப் போட மனசு வராமல் நான்கைந்து வருஷத்துக் காலண்டரைச் சுருட்டிப் பரணில் வைத்திருக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர்.

எங்கள் வீட்டில் இன்னொரு காலண்டர் உண்டு. அது என் மாமியாரின் கல்யாண பைபிள். 1953-ல் அவருக்குக் கல்யாணமானபோது வாங்கியது. பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குமுன் நடுவில் சில வெற்றுத் தாள்கள் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் அந்தத் தாளில்தான் வீட்டுச் சரித்திரம். யாருக்கு எப்போது கல்யாணம், எந்தக் குழந்தை எந்தத் தேதியில் பிறந்தது, எப்போது ஞானஸ்நானம், யார் எப்போது கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்று ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே வருவார்கள். அந்தத் தாள் எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு பாடத்தைத்தான் இந்த வருஷக் கடைசியில் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன். இதில் என் மகளின் கதையும் வருகிறது. அவளைக் கேட்டு, அவள் "எழுதும்மா" என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் தண்ணீர்

நாங்கள் குடியிருப்பது செம்பரம்பாக்கம். பெயரைச் சொன்னதுமே "ஏரி இருக்கே, அந்த ஊரா?" என்பார்கள். அதே ஊர்தான். சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி. நிரம்பினால் ஆழம் 24 அடி, கொள்ளளவு 364 கோடி கன அடிக்கும் மேலே. கல்யாணமாகி வந்த புதிதில் சாயங்கால வேளையில் ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் கடல் மாதிரி தெரியும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரைக்குமான ஒரே நாள் கணக்கில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணீர் வெளியேற்றப்பட்டது. ஏரியின் உபரித் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போய்க் கடலில் விழும். வழியில் எத்தனை வீடுகள், எத்தனை குடும்பங்கள்!

எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான். வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் என் மாமியார் அப்போது அனகாபுத்தூரில் என் கொழுந்தனார் வீட்டில் இருந்தார். அவருக்கு வயசு 81. ராத்திரி தண்ணீர் ஏற ஏற, கொழுந்தனாரும் ஓரகத்தியும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டார்கள். போன் கிடைக்கவில்லை. கரண்ட் இல்லை. இரண்டு நாள் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"நம்ம ஊர்த் தண்ணிதான் எங்கம்மா வீட்டுக்குள்ள போயிருக்கு" என்று ஒரு தரம் சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

4-ஆம் தேதி தண்ணீர் வடிந்ததும் போய் அழைத்து வந்தார். அத்தை வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு மாற்றுப் புடவை, மூக்குக் கண்ணாடி, அப்புறம் சேறு படிந்து ஊறி இரண்டு மடங்கு தடித்துப் போன அந்தப் பைபிள். பீரோவின் அடித்தட்டில் இருந்ததாம்.

"நகை போனா வாங்கிக்கலாம். இதை எந்தக் கடையிலே போய் வாங்குவே?" என்றார்.

மை கரைந்த பக்கம்

அதைக் காய வைப்பதே பெரிய வேலையாகிவிட்டது. கரண்ட் வந்திருந்ததால் மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்தோம். தாள்கள் ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன. அவசரப்பட்டு நான் பிரிக்கப் போக, ஒரு தாள் கிழிந்தே போயிற்று. பிறகு பொறுமையாக, கொஞ்சம் காய்ந்ததும் கொஞ்சம் பிரிப்பது என்று வைத்துக்கொண்டோம். நடுத் தாள்களை அடைய ஒன்பது நாளாயிற்று.

அங்கே பார்த்தால் அடி வயிறு கலங்கிவிட்டது. மாமனார் பேனாவில், நீல மையில் எழுதுபவர். முத்து முத்தாக எழுதுவார். 1953-லிருந்து அவர் காலமான 1989 வரை அவர் எழுதியது அத்தனையும் கரைந்து, தாள் முழுக்க மங்கலான நீலப் பூச்சாக நின்றது. அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை மட்டும் அப்படியே இருந்தன. அத்தையின் கல்யாணம், மூன்று பிள்ளைகள் பிறந்தது, என் கல்யாணம், 1988-ல் என் மகள் பிறந்தது எல்லாமே போய்விட்டன.

நான் அழுதுவிட்டேன். அத்தை அழவில்லை. "போய் ஒரு நல்ல தாளா எடுத்துட்டு வா. நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

கெட்டித் தாள் உள்ள ஒரு கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாளைப் பிரித்து எடுத்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, விரல் கணுக்களில் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். அறுபது வருஷத்துக் கணக்கு! கிழமைகூடத் தப்பவில்லை. "உன் புருஷன் பொறந்தது வெள்ளிக்கிழமை. அன்னிக்கு வீட்டிலே அரிசி இல்லே. பக்கத்து வீட்டுப் பாய் வீட்டு அம்மாதான் கஞ்சி வெச்சுக் கொடுத்தாங்க" என்பார். தேதியைச் சொன்னால் அதோடு ஒரு மனுஷியும் ஒரு உதவியும் வந்துவிடும்.

எழுதி முடித்தேன். "எண்ணிப் பாரும்மா. பதினெட்டுப் பேரு வரணும்" என்றார்.

எண்ணினேன். "பதினேழுதான் அத்தை வருது."

"நல்லா எண்ணு."

மறுபடி எண்ணினேன். பதினேழுதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரைச் சொல்கிறார் என்று தெரிந்தும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

மூன்று நாள் விருந்தாளி

அந்த வருஷம் ஜூலை மாசத்தில் என் மகளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாசம் நிறையாமல் பிறந்த குழந்தை. மூன்றே நாள் இருந்தது. நான்காம் நாள் இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, சகோதரிகளே? மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன் தொட்டிலைக் கழற்றினோம். தைத்து வைத்திருந்த சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டோம். "அவ கண்ணிலே படக் கூடாது" என்றோம். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் ஏதாவது ஆரம்பித்தால் "போனதை நினைக்காதேம்மா, அடுத்தது வரும்" என்று வாயை அடைத்தோம். பைபிளிலும் எழுதவில்லை. அன்பினால்தான் செய்தோம். ஆனால் செய்தது சரியில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி, "குழந்தைதான் இல்லையே, பத்தியமும் பிள்ளை பெற்ற சாப்பாடும் எதுக்கு?" என்றாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசவம் பிரசவம்தானே? உடம்புக்கு அது தெரியுமா? மூன்றாம் நாள், நான்காம் நாள் அவளுக்குப் பால் சுரந்தது. மார்பு கட்டிக்கொண்டு, ஜுரமடித்து, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் தனியாக அழுதது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படிப்பட்ட ஒரு பெண் உங்கள் வீட்டில் இருந்தால் மற்ற பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற அத்தனையும் அவளுக்கும் செய்யுங்கள். ஓய்வு, சத்தான சாப்பாடு, ஆறு வாரத்தில் டாக்டரிடம் மறுபரிசோதனை எல்லாம் வேண்டும். பால் கட்டினால் உடம்போடு ஒட்டின, ஆனால் இறுக்காத உள்ளாடை போடச் சொல்லுங்கள். குளிர்ந்த ஈரத் துணியை ஒற்றி எடுக்கலாம். வலி தாங்காவிட்டால் கையால் கொஞ்சமே கொஞ்சம் பீய்ச்சி விடலாம்; நிறைய எடுத்தால் இன்னும் சுரக்கும். ஜுரம், மார்பில் சிவப்பு, அதிக உதிரப்போக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயமே. இப்போது 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

"பேரு என்ன கண்ணு?"

சரி, அந்தத் தாளுக்கு வருகிறேன்.

நான் பேனாவைக் கீழே வைத்ததும் அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மூணு நாளு இருந்தாலும் புள்ளைதானே? பொறந்த தேதி இருக்கு, போன தேதி இருக்கு. எழுதறதுக்கு வேற என்ன வேணும்?"

"அவ மனசு கஷ்டப்படும் அத்தை."

"எழுதாட்டி மட்டும் கஷ்டப்படலியா?"

வாசற்படியில் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அந்த ஐந்து மாசமும் எங்களோடுதான் இருந்தாள். ஆவடியிலிருந்து மாப்பிள்ளை வாரா வாரம் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரோடும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். அன்றைக்கு அவளாகவே வந்து ஆயா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலையிலே நாலு இருபது, ஆயா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. "நாலு இருபதா? விடியக்காலம். எடை?"

"ஒண்ணே கால் கிலோ."

"பேரு என்ன கண்ணு வெச்சிருந்தே?"

அவள் ஒரு பெயர் சொன்னாள். உண்டாகியிருந்தபோதே மனசுக்குள் வைத்திருந்த பெயராம். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தரும் கேட்கவில்லையே! மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியும் என்றாள். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டுப் பெயராகவே இருக்கட்டும்.

பதினெட்டாவது வரியை எழுதினேன். எழுதி முடித்ததும் என் மகள் அந்தத் தாளை வாங்கி, மை காயும் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி மாப்பிள்ளைக்கு அவளே போன் போட்டாள். வெகு நேரம் பேசினாள்.

முற்றுகைக்குள் ஒரு நிலப் பத்திரம்

டிசம்பர் 31 ராத்திரி ஆலயங்களில் 'வாட்ச் நைட்' ஆராதனை நடக்கும். 18-ஆம் நூற்றாண்டில் மொராவியர், மெதடிஸ்டு சபைகளில் பரவிய வழக்கம். இப்போது நம் ஊரில் அநேகமாக எல்லாச் சபைகளிலும் உண்டு. போகிற வருஷத்துக்கு நன்றி சொல்லி, வருகிற வருஷத்தை முழங்காலில் நின்று வரவேற்பது. பன்னிரண்டு அடித்ததும் கை குலுக்கி வாழ்த்திக்கொண்டு, வாக்குத்தத்த அட்டை எடுத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவோம்.

2015-ல் அந்த ராத்திரி ஆலயத்தில் யார் முகத்திலும் பண்டிகைக் களை இல்லை. புதுத் துணி எடுத்தவர்கள் குறைவு. வீடு போனவர்கள், ஸ்கூட்டர் போனவர்கள், ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் எல்லாம் போனவர்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். போதகர் ஐயா எரேமியா புத்தகம் 32-ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேசினார். எனக்கு அந்தக் கதை அதுவரை மனசில் தங்கினதே கிடையாது.

எருசலேம் பட்டணத்தைப் பாபிலோன் ராணுவம் சூழ்ந்து நிற்கிறது. பட்டணம் விழப் போகிறது என்று எரேமியாவுக்கே தெரியும். அப்படிச் சொன்னதற்காகத்தான் அவரைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அந்த வேளையில் அவருடைய தகப்பனின் சகோதரர் மகன் வந்து, ஆனதோத் ஊரில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி கைக்குப் போகப் போகிற நிலத்தை யாராவது வாங்குவார்களா? எரேமியா வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரத்தைப் பாருக் என்பவரிடம் கொடுத்து, அது நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார். ஒரு நாள் இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் விலைக்கு வாங்கப்படும் என்பது கடவுள் அவருக்குத் தந்த உறுதி.

அந்த நிலத்தில் எரேமியா பயிர் வைத்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. பட்டணம் விழுந்தது. பிற்பாடு அவர் எகிப்துக்குக் கொண்டு போகப்பட்டார். தான் அனுபவிக்காத நிலத்துக்குக் காசு கொடுத்து, பத்திரத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "பானையிலே போட்டு வெச்சார் பாத்தியா? நான் பீரோ அடித்தட்டிலே வெச்சேன்!" என்று சிரித்தார். வெள்ளத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

மறுநாள் புத்தாண்டு. சாப்பாடானதும் என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தாளிலே கீழே இடம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"ஸ்கேல் வெச்சுக் கோடு போடு. பன்னண்டு வரி போடு. காலியா இருக்கட்டும்."

"யாருக்கு அத்தை?"

"வரப்போறவங்களுக்கு. யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? எடம் விட்டு வெச்சாத்தானே வருவாங்க!"

வறண்ட ஏரியும் நிறைந்த ஏரியும்

இந்த இடத்தில், அடுத்த வருஷமே என் மகளுக்கு ஒரு குழந்தை பிறந்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. இரண்டாவது குழந்தை வரவேயில்லை. வைத்தியம் பார்த்தார்கள், பிறகு அவர்களே கலந்து பேசி நிறுத்திக்கொண்டார்கள். "ஜெபம் பண்ணினா கிடைச்சிருக்குமே" என்று அவளிடம் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் ஜெபிக்காத நாளில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று ஆண்டவரை நான் கேட்டதும் உண்டு. பதில் கிடைக்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

அவள் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். ஒன்றாம் வகுப்பு. எழுதச் சொல்லிக் கொடுக்கிறாள்.

2019 கோடை. ஏரி வறண்டே போய்விட்டது. வெள்ளம் வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றால் பாருங்கள். அந்த ஜூன் மாசத்தில், 85-ஆம் வயசில், அத்தை தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் என் வீட்டுக்காரர் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கை நடுங்கியது. என் மகள் பேனாவை வாங்கி, ஆயாவின் பெயருக்கு எதிரே தேதியை எழுதினாள்.

அடுத்த வருஷம், 2020 நவம்பர் 25-ஆம் தேதி, நிவர் புயல். ஏரி நிரம்பி, 2015-க்குப் பிறகு முதல் தடவையாகத் தண்ணீர் திறந்தார்கள். அன்றைக்கு நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? பைபிளை இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டிப் பரணில் வைத்தேன்.

2022-ல் கொழுந்தனார் மகனுக்கு ஒரு பையன் பிறந்தான். ஞானஸ்நானத்தன்று பேனாவை யார் கையில் கொடுப்பது என்று ஓரகத்தி தயங்கினாள். அவள் மனசு எனக்குப் புரிந்தது. என் மகளே, "குடுங்க சித்தி, நான் எழுதறேன்" என்று வாங்கினாள். தேதி எழுதினாள். எடையைக் கேட்டாள். "எத்தனை மணிக்குப் பிறந்தான்?" என்றும் கேட்டு எழுதினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நேரமும் எழுதுகிற வழக்கம் வந்துவிட்டது.

பாதியில் நின்ற வேலை

காலத்தைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இன்னொரு விஷயமும் ஞாபகத்துக்கு வரும். சீகன்பால்கு ஐயர் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715-ல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. பிறகு பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். ரூத் புத்தகம் வரைக்கும் வந்தார். 1719-ல், 36-ஆம் வயசில் இறந்து போனார். விட்ட இடத்திலிருந்து வேறொருவர், ஷுல்ச் ஐயர், எடுத்துச் செய்து முடித்தார்.

அவர் கடைசியாக வந்து நின்ற ரூத் புத்தகம் ஒரு மாமியார், மருமகள் கதை. நகோமி கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்து வெறுங்கையாக ஊர் திரும்புகிறாள். மருமகள் ரூத் அவளை விடாமல் கூடவே வருகிறாள். கடைசியில் ரூத்துக்கு ஒரு மகன் பிறக்க, அவனை நகோமி மடியில் வைத்துக்கொள்கிறாள். அப்புறம் கதை எப்படி முடிகிறது தெரியுமா? வெறும் பெயர்ப் பட்டியல்! இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று தாவீது வரைக்கும் போகிறது. சின்ன வயசில் அதைப் படிக்காமல் தாண்டிவிடுவேன். இப்போது நிறுத்தி நிதானமாகப் படிக்கிறேன். அந்தப் பெயர்களில் பாதிப் பேரை நகோமி பார்த்திருக்க மாட்டாள். அவர்களுக்காக அவள் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. மடியில் விழுந்த ஒரு குழந்தையை வளர்த்தாள்.

நம்பிக்கை என்றால் எனக்கு இப்போது இதுதான். வந்து போனவர்களை, மூன்று நாள் இருந்தவர்களானாலும், விட்டுவிடாமல் எழுதி வைப்பது. நாம் பார்க்கப் போகாதவர்களுக்கும் இடம் விட்டு வைப்பது. மிச்சத்தை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் வீட்டில் செய்து பாருங்கள்

இதற்குக் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு நல்ல நோட்டுப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யை நிறுத்திவிட்டு, வீட்டுப் பெரியவரை நடுவில் உட்கார வைத்துக் கேளுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள் இதோ:

* இங்க் பேனா வேண்டாம். பால்பாயிண்ட் பேனாவோ பென்சிலோ நல்லது. பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது.

* பேரும் தேதியும் போதாது. அன்றைக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

* கருவிலோ, பிறந்தோ இழந்த குழந்தையை எழுதுவதா வேண்டாமா என்பதைத் தாயிடம் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

* குழந்தை உயிரோடு பிறந்து ஒரு மணி நேரமே இருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் வைக்காவிட்டாலும் பிறப்பைப் பதியலாம்.

* பத்திரம், சர்ட்டிபிகேட், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு நம்பிக்கையான உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். அசலைத் தண்ணீர் புகாத உறையில் உயரமான இடத்தில் வையுங்கள்.

* புத்தகம் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், தாள் முறுகிவிடும். துண்டில் ஒற்றி எடுத்து, பத்து இருபது தாளுக்கு ஒரு வெள்ளைத் தாளைச் சொருகி, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். சொருகின தாளை அடிக்கடி மாற்றுங்கள். ஒட்டின தாளை இழுக்காதீர்கள்.

* இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். உடனே காய வைக்க வசதியில்லை என்றால் பாலித்தீன் பையில் சுற்றி பிரிட்ஜின் பிரீசரில் வைத்துவிட்டு, பிறகு சாவகாசமாகக் காய வைக்கலாம்.

* போட்டோக்கள் ஒட்டியிருந்தால் அப்படியே காய விடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாகப் பிரித்து, படம் மேலே தெரியும்படி பரப்பி வையுங்கள்.

அத்தை போடச் சொன்ன பன்னிரண்டு வரியில் இது வரைக்கும் மூன்று நிரம்பியிருக்கிறது. இரண்டு கல்யாணம், ஒரு பிறப்பு. மிச்சம் ஒன்பது. அதில் ஒன்றிரண்டை நான் பார்ப்பேன். எல்லாவற்றையும் பார்க்க மாட்டேன். இந்த வருஷமும் 31-ஆம் தேதி ராத்திரி ஆலயத்துக்குக் கிளம்புமுன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுப் போவோம். என் மகள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பதினெட்டாவது வரியை அவள் விரலால் தடவிப் பார்ப்பாள். பிறகு கீழே இருக்கிற காலிக் கோடுகளை எண்ணுவாள்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். கடைசியில் கொஞ்சம் இடம் விட மறக்காதீர்கள்!